எலுமிச்சம்பழம் குத்திய துப்பாக்கி

சுங்கை பினாங்கில் 'லோரி கார்த்திகேசு' என்று கேட்டால் வழி காட்டாத ஆள் கிடையாது. ஆற்றோரம் தகரக் கூரை போட்ட பட்டறை. வாசலில் ஐந்து லோரி. ஐந்தின் நெற்றியிலும் 'முருகன் துணை'. அவர் படிப்பு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. பதினான்கு வயதில் ஜார்ஜ் டவுனுக்கு வந்து அடுத்தவன் லோரியைக் கழுவினார். கழுவிய லோரியை ஓட்டினார், ஓட்டிய லோரியை வாங்கினார், ஒன்றை ஐந்தாக்கினார். எஞ்சின் உறுமுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். புத்தகம் படித்தவன் சொல்லட்டும் பார்க்கலாம்!

"நான் ஒருத்தன்கிட்டயும் போய் 'இது எப்படி'ன்னு கேட்டதில்ல லா. பாத்தேன், செஞ்சேன், அவ்ளோதான்." இதை அவர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். அவர் மனைவி நவமணி நாலு தடவையும் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

முதன்முதலாகத் துப்பாக்கி அவர் கைக்கு வந்தது, வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில். ஊர்க்காவல் படையில் சேர்ந்தபோதுதான் தன் கண்ணும் கையும் எத்தனை கெட்டி என்று அவருக்கே தெரிந்தது. மூன்றாவது லோரி வாங்கிய வருடம், மலையடிவாரத்தில் இருந்த சுடுகளத்தின் துப்பாக்கிக் குழுவில் உறுப்பினரானார். குழுவில் டாக்டர்கள், வங்கி அதிகாரிகள், பள்ளித் தலைமையாசிரியர்கள், ஒரு சீனப் பல் வைத்தியர். அவர்கள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும்போது கார்த்திகேசுவும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. ஆனால் பாயில் குப்புறப் படுத்துக் குறி பார்க்கும்போது அங்கே ஆங்கிலம் எதற்கு? குழுவின் பொதுத் துப்பாக்கியிலேயே பத்துத் தோட்டாவுக்குத் தொண்ணூறு புள்ளிக்குக் குறையாமல் எடுப்பார்.

அந்தக் குழுவில் ஏரம்பமூர்த்தி என்று ஒரு பெரியவர் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் காற்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. அவரிடம்தான் அந்தத் துப்பாக்கி இருந்தது.

விளிம்பில் அடிபட்டு வெடிக்கிற சின்னஞ்சிறு தோட்டா போடுவது. வேட்டைக்கு ஆகாது, குறி பார்த்துச் சுடவென்றே இங்கிலாந்தில் செய்தது. பிடிக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கினால் 'ளக்' என்று அறை திறக்கும், ஏற்றினால் மூடும். அந்த வகையில் கொஞ்சம்தான் செய்தார்களாம். மலாயாவுக்கு வந்தவை இரண்டே இரண்டு என்று ஏரம்பமூர்த்தி சொல்வார். அவர் இளவட்ட எழுத்தராக இருந்த காலத்தில் கப்பலில் வரவழைத்தது. ஜப்பான்காரன் வந்தபோது துப்பாக்கி வைத்திருப்பவன் தலை போகும். இன்னொரு துப்பாக்கி அவன் கையில் போய் மறைந்தது. ஏரம்பமூர்த்தி தன்னுடையதைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்தார். மூன்றரை வருடமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கோழிக்கூட்டைக் கழுவுகிற சாக்கில் அதைத் தோண்டி எடுத்து எண்ணெய் போட்டுவிட்டு மறுபடி புதைத்தார். நாற்பது வருடத்தில் அந்தக் கறுத்த இரும்பில் ஒரு கீறல் கிடையாது.

ஒரு சனிக்கிழமை அவர் கார்த்திகேசுவைப் பார்த்து, "என்ன தம்பி, கனநாளாய் இதையே பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? படும், ஒரு அஞ்சு அடிச்சுப் பாரும்" என்றார்.

அடித்தார். விசையைத் தொட்டதுதான் தெரியும், அழுத்தியது தெரியவில்லை. ஐந்து தோட்டாவும் ஒரு பத்துக் காசு மூடுகிற இடத்துக்குள் போயிருந்தன. அன்றிலிருந்து ஆறு வருடம் அந்தத் துப்பாக்கியை நினைக்காமல் கார்த்திகேசு ஒரு சனிக்கிழமையும் வீடு திரும்பியதில்லை.

எழுபத்தெட்டாம் வருடம் பெரியவருக்குக் கண் மங்கியது. பார்வை போனவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது, லைசென்ஸ் உள்ள யாருக்காவது கொடுங்கள், இல்லாவிட்டால் ஒப்படையுங்கள் என்று பாலாயில், அதுதான் போலிஸ் நிலையத்தில், சொல்லிவிட்டார்கள். பல் வைத்தியர் கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொன்னார். ஏரம்பமூர்த்தி கார்த்திகேசுவுக்குத்தான் கொடுத்தார்.

"அவர் கொண்டுபோய்ச் சுவரிலை மாட்டிவைப்பார். நீர் சுடுவீர்" என்றார்.

விண்ணப்பம், கடிதம், விசாரணை என்று நாலு மாதம் போனது. அந்த நாலு மாதத்தில் சுங்கை பினாங்கில் கார்த்திகேசுவின் 'செனாப்பாங்' என்கிற துப்பாக்கியைப் பற்றிக் கேள்விப்படாதவன் இல்லை. முடிவெட்டுகிறவருக்குத் தெரியும், மீன்காரிக்குத் தெரியும், சாலையோரம் நாசி கண்டார் சோறு விற்கிறவருக்கு அதன் நீளம் கூடத் தெரியும். வருடாந்தரப் போட்டியில் அந்தத் துப்பாக்கியோடு படுத்துக் கோப்பையை எடுக்கப்போவதாகவும் சொல்லி வைத்திருந்தார்.

கைமாறிய அன்று ஏரம்பமூர்த்தி, எண்ணெய் டப்பாவையும் துடைக்கிற கம்பியையும் ஒரு பழைய ஃபிளானல் துணியையும் தனியாகக் கட்டிக் கொடுத்தார். அவருடைய மகள் யோகலட்சுமி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எண்ணெய் மட்டும் போடும். வேறை ஒண்டும் இதிலை படக்கூடாது. தெரியாட்டில் என்னட்டைக் கேளும்."

"நான் பாக்காத இரும்பா ஐயா" என்று கார்த்திகேசு சிரித்தார்.

"கேளும் எண்டுதான் சொல்லுறன்" என்றார் பெரியவர் மறுபடியும்.

அந்த 'கேளும்' கார்த்திகேசுவுக்குப் பிடிக்கவில்லை. வழி நெடுக அது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கார்த்திகேசு பட்டறையின் ஆயுத பூஜை சாதாரணமானதில்லை. ஐந்து லோரியையும் கழுவி, வாழை கட்டி, ஸ்பேனர் ஜாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்துச் சீனன், எதிர்வீட்டு மலாய்க்காரர் எல்லாருக்கும் சுண்டல் கொடுப்பார். அந்த வருடம் நடுநாயகமாக ஒரு மேசை, மேசைமேல் சிவப்புப் பட்டு, பட்டின்மேல் துப்பாக்கி. பினாங் ரோட்டு ஸ்டூடியோவிலிருந்து படம் பிடிக்கிறவரையும் வரவழைத்திருந்தார்.

"அந்தப் பெரியவரு எண்ணெ மட்டும்னு சொன்னாரேங்க" என்றாள் நவமணி.

"சாமிக்கு வைக்கிறதுல என்னா கெட்டுப்போயிடும்? லோரிக்குக் கெட்டுப்போச்சா?"

"லோரிக்குப் பெயிண்டு அடிச்சிருக்கு."

"நீ போய் சுண்டலைப் பாரு."

மஞ்சள் தண்ணீர் தெளித்தார். விபூதியைக் குழைத்துக் குழாயின்மேல் மூன்று விரலால் பட்டை இழுத்தார். அறையின் பக்கத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். எல்லாம் முடிந்தும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கோயிலில் சூலத்தின் நுனியிலும் வேலின் நுனியிலும் எலுமிச்சம்பழம் குத்துவார்களே. இதுவும் ஆயுதம்தானே? நல்ல சாறுள்ள பழமாக ஒன்று பார்த்து எடுத்துத் துப்பாக்கியின் வாயில் அழுத்தித் திருகினார். கூட்டம் கை தட்டியது. அவர் மேசைக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, படம் பிடிக்கிறவர் 'சிரிங்க அண்ணே' என்று சொல்லித் தட்டினார்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி அன்று மறுபூஜை செய்யாமல் தொடக்கூடாது. லோரியே ஓடாது. அந்த வருடம் பத்து காவான் என்ற ஊரில் மண் கொட்டுகிற வேலையில் ஆள் தகராறு வந்து, அவர் அங்கே போய்விட்டதால் மறுபூஜை இன்னும் ஒரு நாள் தள்ளிப்போனது. பழம் இரண்டு இரவும் இரண்டு பகலும் அங்கேயே இருந்தது. பினாங்கு மழைக்காலம் வேறு.

மூன்றாம் நாள் பழத்தைப் பிடுங்கியபோது குழாயின் வாய் விளிம்பைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுப் பார்த்தார். உள்ளே சொரசொரத்தது. விபூதியைத் துடைத்த இடத்தில் கறுப்பு போய் மூன்று வெளிறிய கோடு. சந்தனத்துக்கு அடியில் துரு.

அப்போது அவர் ஒரு டாக்சி பிடித்துப் பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். 'கேளும்' என்று சொன்ன மனிதர் வீட்டில்தான் இருந்தார். கார்த்திகேசு போகவில்லை. லோரிக்குச் செய்வதையே செய்தார். மண்ணெண்ணெய் விட்டார். உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, வாய்ப்பக்கமாக விட்டு, உள்ளே இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குப் பளபளவென்று வரும்வரை தேய்த்தார். வெளியே எஞ்சின் எண்ணெய் போட்டுத் துடைத்ததும் மின்னியது. கோடு மட்டும் போகவில்லை. வெயிலில் காட்டினால்தானே தெரியும் என்று தேற்றிக்கொண்டார்.

ஸ்டூடியோவிலிருந்து படம் வந்ததும் பெரிய அளவில் இரண்டு பிரதி போட்டார். ஒன்று பட்டறைக்கு. இன்னொன்றைக் குழுவின் செயலாளர் முகம்மது கனியிடம் கொடுத்தார்.

"போர்டுல ஒட்டு கனி. போட்டிக்கு வர்றவனுங்க பாக்கட்டும்."

"ஒட்டிட்டாப் போச்சு" என்று கனி வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் கூடுதல் நேரமே பார்த்தார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யோகலட்சுமி கையைப் பிடித்து அழைத்துவர, ஏரம்பமூர்த்தியும் வந்திருந்தார். சுடுகிற கொட்டகையில், சுடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். "எனக்குக் கண் தெரியாது, சத்தம் கேட்டால் போதும்" என்று அவர் யாரிடமோ சொல்வது கார்த்திகேசு காதில் விழுந்தது.

படுத்தார். மூச்சை அடக்கினார். விசை பழையபடிதான் இருந்தது, தொட்டதும் வெடித்தது. தொலைநோக்கியில் பார்த்தால் தோட்டா வலப்பக்கம் வெகுதூரம் போயிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்ததைச் சுட்டார். அது இடப்பக்கம் கீழே. மூன்றாவது மேலே. வாயில் அடிபட்ட துப்பாக்கியிலிருந்து தோட்டா கிளம்பும்போதே கோணிக்கொண்டு போகும், எத்தனை நல்ல கண்ணும் அதைத் திருத்த முடியாது. அது அவருக்குத் தெரியாது. ஆனால் நாலாவது தோட்டாவைப் போடும்போதே உப்புத்தாள் தேய்த்த இடம் அவர் நினைவுக்கு வந்தது. பத்தும் முடிந்தபோது அட்டையில் அறுபத்து மூன்று.

கனி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். சுற்றி இருபது பேர். "என்னா அண்ணே, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

சரியில்லை என்று சொல்லியிருந்தால் கூடப் போதும். ஆனால் பல் வைத்தியர் அட்டையை எட்டிப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கார்த்திகேசுவை லோரி கழுவுகிற பையனாக்கிவிட்டது. அவர் எழுந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"எனக்கு என்னா? துப்பாக்கிதான் சரியில்ல. குடுக்கும்போதே உள்ள கெட்டுப்போயிருந்திச்சு. கண்ணு தெரியாதவரு எதைப் பாத்துக் குடுத்தாரோ! நானும் பெரிய மனுசர்னு நம்பி வாங்கிட்டேன்."

நாற்காலியிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "கொண்டு வாரும், பாப்பம்."

கார்த்திகேசு கொண்டுபோய் மடியில் வைத்தார். ஏரம்பமூர்த்தி கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் எண்ணெய் தடவிய விரல்களால் கட்டையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டு போனார். குழாயின்மேல் மூன்று கோடு இருந்த இடத்தில் விரல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகத் தொட்டது. நுனிக்குப் போய் சுண்டுவிரல் நுனியை வாய் விளிம்பில் வைத்துச் சுழற்றினார். உப்புத்தாளில் தேய்ந்து வட்டம் கெட்ட விளிம்பு தட்டுப்பட்டதும் அவர் முகத்தில் ஏதோ சுருங்கியது. அவ்வளவுதான்.

சொல்லப்போகிறார், இருபது பேர் முன்னால் சொல்லப்போகிறார் என்று கார்த்திகேசு நின்றார்.

"ஓம்" என்றார் பெரியவர். "பிழை என்ரைதான். நான் வடிவாய்ப் பாராமல் குடுத்திட்டன். மன்னிச்சுக்கொள்ளும், தம்பி."

பிறகு மகளின் கையைத் தேடிப் பிடித்து எழுந்து போய்விட்டார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் கார்த்திகேசு எட்டு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பார். அவருக்குத் தெரிந்த சண்டை அது. இது என்ன சண்டை? தலை போனாலும் போகட்டும் என்று கோழிக்கூட்டுக்கு அடியில் தோண்டித் தோண்டி எண்ணெய் போட்ட மனிதர், இருபது பேர் முன்னால் ஏமாற்றுக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போகிறார்.

அடுத்த சனிக்கிழமை கார்த்திகேசு சுடுகளத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. ஏரம்பமூர்த்தியும் வருவதில்லை என்று யாரோ சொன்னார்கள். பட்டறையில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றித் தகரப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். நாசி கண்டார் கடையில் 'கோப்பை எங்கண்ணே?' என்று கேட்டதும் சாப்பாட்டையே வேறு கடைக்கு மாற்றினார்.

ஒரு மாதம் கழித்து நவமணிதான் கேட்டாள். "துப்பாக்கியைப் பத்தி ஒரு பேச்சையும் காணோமே. நாலு மாசம் காதைத் தின்னீங்களே?"

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும் முறத்தை வைத்தாள்.

"நானும்தான் சொன்னேன், கேக்கல. அது போகட்டும். அந்த மனுசரு மேல பழி போட்டுட்டு எப்படிங்க தூங்குறீங்க?"

"எங்க தூங்குறேன்" என்றார் கார்த்திகேசு.

மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போனார். கையில் ஆரஞ்சுப் பழம். வாசலிலேயே யோகலட்சுமியின் முகம் இறுகியது. "அப்பா உள்ளுக்கை இருக்கிறார்" என்று மட்டும் சொன்னாள். தேநீர் வரவில்லை.

"ஐயா, தப்பு என்னோடதுதான். பூஜையில வெச்சேன். எலுமிச்சம்பழம் குத்தினேன். அப்புறம் உப்புத்தாள் போட்டு..."

"அண்டைக்கே விரலிலை தெரிஞ்சது" என்றார் ஏரம்பமூர்த்தி. "இதை ஏன் எனக்குச் சொல்லுறீர்? தெரிஞ்ச ஆளுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? முதல் கதையை நீர் எங்கை சொன்னீர்?"

"கிளப்புல."

"அப்ப இரண்டாவதையும் அங்கை சொல்லும்."

சொல்வதென்றால் லேசா? இரண்டு சனிக்கிழமை சுடுகளத்து வாசல்வரை போய்த் திரும்பினார். ஐந்து லோரிக்குச் சொந்தக்காரர், வாசலில் சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாவது சனிக்கிழமை உள்ளே போனார். எல்லாரும் சுட்டு முடித்து அதே கொட்டகையில் தேநீர் குடிக்கிற நேரம். பல் வைத்தியரும் இருந்தார்.

"கனி, ஒரு விசயம் சொல்லணும். எல்லாரும் கேளுங்க." உட்காராமல் நின்றபடியே சொன்னார். "ஏரம்பமூர்த்தி ஐயா குடுத்த துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல. கெடுத்தது நான். ஆயுத பூஜையில எலுமிச்சம்பழத்த வாயில குத்தி ரெண்டு நாள் விட்டுட்டேன். பழியத் தூக்கி அவரு மேல போட்டேன்."

கனி அதை மெதுவாக ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பல் வைத்தியர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா கனி, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க?"

கனி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "என்னத்த அண்ணே சொல்ல? எல்லாருக்கும் தெரியுமே."

"எப்படி?"

கனி சுவரைக் காட்டினார். அறிவிப்புப் பலகையின் நடுவில், நாலு மூலையிலும் ஊசி குத்தி, படம். சிவப்புப் பட்டு, துப்பாக்கி, அதன் வாயில் வட்டமாக எலுமிச்சம்பழம், பின்னால் நெஞ்சை நிமிர்த்திச் சிரிக்கிற கார்த்திகேசு.

"நீங்கதானே ஒட்டச் சொன்னீங்க. போட்டியன்னிக்கு நீங்க ஐயாவப் பழி சொல்லும்போது, உங்க முதுகுக்குப் பின்னாலதான் தொங்கிட்டிருந்திச்சு. எல்லாரும் அதத்தான் பாத்துட்டிருந்தாங்க. அவரு மட்டும்தான் பாக்கல, கண்ணு தெரியாததால. நீங்களாச் சொல்வீங்கன்னு எடுக்காம வெச்சிருந்தேன் அண்ணே."

வாழ்க்கையில் எத்தனையோ வெயிலில் நின்றிருக்கிறார் கார்த்திகேசு. அன்று அந்த மின்விசிறிக்குக் கீழே வியர்த்த மாதிரி எங்கும் வியர்த்ததில்லை. இரண்டு மாதமாக அவர் மறைத்ததெல்லாம் அவருக்கு மட்டும்தான் மறைந்திருந்தது. இருபது பேரும் ஒரு கிழவரின் பெருந்தன்மையையும் தன்னுடைய சின்னப்புத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே அன்று கைகுலுக்கி விடைகொடுத்திருக்கிறார்கள்.

படத்தை எடுக்கக் கையை நீட்டினார். பிறகு, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலமே, துப்பாக்கியைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனார். கிளப்பில் சொன்னதைச் சொன்னார். படத்தைப் பற்றியும் சொன்னார். ஏரம்பமூர்த்தி முதலில் புரியாமல் முகத்தைத் திருப்பினார். புரிந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். உள்ளேயிருந்து யோகலட்சுமி சிரிக்கிற சத்தமும் கேட்டது. கார்த்திகேசு சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஐம்பத்து மூன்று வருடமாக வாயில் வராத ஒன்றைக் கஷ்டப்பட்டு வெளியே கொண்டுவந்தார்.

"ஐயா, இத இனிமே என்னா செய்யிறது? எனக்குத் தெரியல."

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். துப்பாக்கியை வாங்கி நுனியை விரலால் அளந்தார்.

"பழுது இந்த ஒண்டரை அங்குலத்திலைதான். இதை வெட்டி எறிஞ்சு, விளிம்பைத் திருப்பிக் கடையவேணும். பாலாயிலை எழுத்திலை அனுமதி எடுக்கவேணும். பிறகு சுடும். ஆனால் பழைய துப்பாக்கி எண்டு ஒருத்தரும் மதிக்கமாட்டினம். நீளம் குறைஞ்சிட்டுதெல்லோ."

"வெட்டிடலாமா ஐயா?"

"வெட்டும்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார். "யோகம், தேத்தண்ணி போடு."

வெட்டினார்கள். அடுத்த வருடப் போட்டியில் அது தொண்ணூற்றாறு எடுத்தது. முதல் பரிசு பல் வைத்தியருக்குப் போனது. கார்த்திகேசு முதல் ஆளாகக் கைதட்டினார்.

வெட்டிய அந்த ஒன்றரை அங்குலம் இன்னும் பட்டறையில் இருக்கிறது. லோரி இப்போது பதினொன்று. ஆயுத பூஜை வந்தால் துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை, அதற்கு எண்ணெய் மட்டும்தான். அந்தத் துண்டுக்குத்தான் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம். சுண்டலுக்கு வருகிறவர்கள், "என்னா அண்ணே இது, ஏதோ பைப்பு துண்டு மாதிரி?" என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிறார். பதினொரு லோரியின் கதையை வீதிக்குக் கேட்கும்படி சொல்கிற மனிதர், இதை மட்டும் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்கிறார்.